பின் சீட்டுக்கும் ஓட்டு வேண்டும்

2024 ஆகஸ்ட் 7-ஆம் தேதி டாடா கர்வ் மின்சாரக் காரின் விலை வெளியானது. இரண்டே நாளில், 9-ஆம் தேதி, சிட்ரோயன் பசால்ட் வந்தது. செப்டம்பர் 2-ல் கர்வின் பெட்ரோல், டீசல் வண்டிகளும் சேர்ந்துகொண்டன. இரண்டுமே முன்னால் பார்த்தால் எஸ்.யூ.வி. பக்கவாட்டில் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஓட்டுநரின் தலைக்கு மேலே தொடங்கும் கூரை, பின்னால் போகப்போகச் சரிந்து டிக்கியின் விளிம்பில் போய் முடிகிறது. கூப்பே எஸ்.யூ.வி. என்கிறார்கள். 2008-ல் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்6 பிரபலமாக்கிய வடிவம் இது. அதுவரை பெரும் பணக்காரர்கள் வீட்டு வாசலில் மட்டும் நின்றது, பசால்ட்டில் 7.99 லட்சத்துக்கும் பெட்ரோல் கர்வில் 9.99 லட்சத்துக்கும் இறங்கி வந்தது.

அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. ஞாயிறு விடிகாலையில் சென்னையின் ஈ.சி.ஆர். சாலைப் பக்கம் வண்டியை நிறுத்தி டீ குடிக்கும் கார் பிரியர்களிடம் காது கொடுத்தால் கேட்கலாம். “லுக்குன்னா கர்வ்தான்” என்று ஒருவர் தொடங்குவார். “லுக்கு சரி, குண்டுகுழியில ஏறி இறங்கிப் பாரு, அப்போ பசால்ட் யாருன்னு தெரியும்” என்பார் இன்னொருவர். கதவோடு கதவாகப் பதிந்த கைப்பிடியும், முன்பக்கம் முழுக்க ஓடும் விளக்குக் கோடும் கர்வ் பக்கம். 470 லிட்டர் டிக்கியும், தொடைக்கு ஏற்ப உயர்த்திக்கொள்ளும் பின் இருக்கையும் பசால்ட் பக்கம். கர்வ் டிக்கி 500 லிட்டர் என்று உடனே மறுப்பு வரும். விவாதம் நடப்பது நல்லதுதான். ஆனால் அந்த டீக்கடையில் நிற்பவர்கள் எல்லாரும் ஸ்டியரிங் பிடிப்பவர்கள். பின் சீட்டில் உட்கார்ந்து வருபவர்கள் அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

அழகும் சொகுசும் ஜென்ம விரோதிகள் என்று பலர் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. இந்த மோதல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், காரை யார் தேர்ந்தெடுக்கிறார், அவர் எந்த சீட்டில் உட்காருகிறார் என்ற கேள்வியில் போய் நிற்கிறது.

அம்பாசடர் காலத்தை நினைத்துப் பாருங்கள். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரானது அந்தக் கார். அதை வாங்கியவர்களில் டாக்டரும் மில் முதலாளியும் அரசாங்கமும் இருந்தார்கள். வாங்கியவர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். முன்னால் சம்பளத்துக்கு டிரைவர் ஓட்டினார். ஸ்டியரிங் கனமாக இருந்தால் அது டிரைவரின் பாடு. பின்னால் பெஞ்சு அகலமாக, மெத்தென்று இருந்தால் போதும். முகத்தை ஐம்பது ஆண்டுகளாக ஏறத்தாழ மாற்றாமலேயே அந்தக் கார் விற்றதென்றால், தீர்ப்புச் சொன்னவர் பின் சீட்டில் இருந்தார் என்பதே காரணம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நடுத்தரக் குடும்பம் தானே ஓட்டத் தொடங்கியது. அதைவிட நல்ல காரியம் இந்தியச் சாலையில் நடந்ததில்லை. ஆனால் சாவியோடு சேர்ந்து தீர்ப்பும் முன் சீட்டுக்கு நகர்ந்துவிட்டது. இன்று ஷோரூமில் என்ன நடக்கிறது? கடனுக்குக் கையெழுத்துப் போடப்போகும் இளைஞர் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறார், படம் எடுக்கிறார். உள்ளே போய் முன்னால் உட்கார்ந்து திரையைத் தொட்டுப் பார்க்கிறார். பக்கத்தில் உள்ள நல்ல சாலையில் ஒரு சுற்று. அந்த நேரம் முழுக்க அம்மா உள்ளே சோபாவில் காபியோடு காத்திருக்கிறார். அடுத்த எட்டு வருடம் திருச்சிக்கும் திருநெல்வேலிக்கும் பின் சீட்டில் போய்வரப் போவது அவர்தான்.

அந்தப் பின் சீட்டில் ஏன் அதிகம் குலுங்குகிறது? காரின் நடுப்பகுதியில் உட்கார்ந்தால் குலுங்கல் குறைவு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே, இரண்டிலிருந்தும் விலகி உட்காருவது நல்லது. பின் சீட்டோ பின் அச்சுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. பின் ஸ்பிரிங்கை ஐந்து பேரும் அவர்களின் பெட்டிகளும் ஏறினாலும் தாங்கும்படி அமைத்தாக வேண்டும். அதனால் இரண்டு பேர் மட்டும் போகும்போது அது விறைப்பாகவே இருக்கும். ஒரே பள்ளத்தில் இறங்கினாலும் முன்னால் இருப்பவருக்கு ‘டொக்’ என்று கேட்பது, பின்னால் இருப்பவருக்கு முதுகில் விழும். ஓட்டுபவருக்கு இன்னொரு சலுகையும் உண்டு. பள்ளம் வருவது அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்து உடம்பை இறுக்கிக்கொள்வார். பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

நல்ல சஸ்பென்ஷன் கொண்ட கார் ஒரு பள்ளத்தைக் கடந்ததும் விநாடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை முறை மெதுவாக ஏறி இறங்கும். இது நாம் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்கும் வேகத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வருவதால் நமக்கு உறுத்துவதில்லை. அதுவே விநாடிக்கு நான்கிலிருந்து எட்டு முறை அதிர்ந்தால் வயிறும் முதுகெலும்பும் சேர்ந்து அதிரும். மனித உடல் மிக எளிதாக ஆட்டம் காணும் எல்லை அது. மாறாக, அரை முறைக்கும் கீழே, தொட்டில் போலத் தளர்வாக ஆடினால் குழந்தைகளுக்கு வாந்தி வரும். சொகுசு என்பது வெறும் மென்மை இல்லை. இந்த இரண்டு பள்ளத்துக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்ன மேடு. 1930-களில் அமெரிக்காவின் கேடிலாக்கில் வேலைபார்த்த மாரிஸ் ஓலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஒரு காரில் நகர்த்தக்கூடிய எடைகளைக் கட்டி ஓட்டிப் பார்த்தே இதைப் படித்தார். பின் ஸ்பிரிங்குகள் முன்னவற்றைவிடச் சற்று வேகமாக ஆடும்படி வைத்தால், பள்ளத்தில் பிந்தி விழுந்த பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும், கார் மட்டமாகப் போகும் என்று அவர் கண்டது இன்றும் கார் வடிவமைப்பில் பாடம்.

இதில் ஸ்டைல் எங்கே குறுக்கே வருகிறது? முதலில் சக்கரத்தில். வரைபடத்தில் எந்தக் காரும் பெரிய சக்கரத்தோடு அழகாகத் தெரியும். அதனால் பத்தாண்டுகளாக 14 அங்குலம் 16 ஆனது, 16 போய் 18 ஆனது. பெரிய அலாய் வீல் கனம். சக்கரம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. அது கூடக்கூடப் பள்ளத்தில் சட்டென்று இறங்கி ஏற முடியாமல், அந்த இடியை உடம்புக்கு அனுப்பிவைக்கும்.

ஆனால் அங்குலத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். பசால்ட்டின் டயர் 205/60 ஆர்16. அதாவது அகலம் 205 மி.மீ., அதில் 60 சதவீதம் பக்கச்சுவரின் உயரம்: 123 மி.மீ. கர்வின் உயர் வகையில் 215/55 ஆர்18. கணக்குப் போட்டால் 118 மி.மீ. இரண்டு அங்குலம் பெரிய சக்கரம் போட்டும் காற்று நிற்கும் சுவரில் வித்தியாசம் 5 மி.மீ. மட்டும்தான். டாடா அதற்கேற்பச் சக்கர வளைவையே பெரிதாக்கியிருக்கிறது. இது நேர்மையான வேலை. நேர்மையற்ற வேலை வெளியே கடைகளில் நடக்கிறது. 16 அங்குலச் சக்கரத்தோடு வந்த காரில், வெளிவட்டம் மாறாமல் 18 அங்குல அலாய் மாட்டினால் சுவரில் 25 மி.மீ. போய்விடும்; 123 இருந்தது 98 ஆகும். கார் நின்றிருக்கும்போது கெத்தாக இருக்கும். ஓட ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு மேன்ஹோல் மூடியும் எண்ணிக்கையோடு தெரியும்; கூர்மையான பள்ளத்தில் வீல் வளைவதும் டயர் வீங்குவதும் தனிச் செலவு.

அடுத்தது கூரை. சரியும் கூரை, பின் சீட்டில் உயரமானவரின் தலைக்கு மேல் இருக்கும் இடத்தைத் தின்கிறது. கர்வில் ஆறடிக்காரர்கள் பின்னால் உட்கார்ந்தால் முதலில் சொல்லும் குறை இதுதான். பசால்ட்டிலும் சரிவு இருக்கிறது, ஆனால் முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2,651 மி.மீ.; கர்வில் 2,560. கூடுதலாகக் கிடைத்த அந்த ஒன்பது சென்டிமீட்டரில் பின்னால் இருப்பவர் கால் நீட்டுகிறார். அதோடு, சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடினால் கார் முன்பின்னாகத் தலையாட்டுவதும் குறையும். ஜன்னலின் கீழ்க்கோடு உயர்ந்துகொண்டே போவதும் இன்றைய ஸ்டைலின் இன்னொரு பழக்கம். பக்கத்திலிருந்து பார்க்க அது அம்பு போலப் பாயும். உள்ளே இருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கோ வெளியே வானம் மட்டுமே தெரியும். தொடுவானம் தெரியாத பிள்ளைக்குத்தான் மலைப்பாதையில் முதலில் தலைசுற்றுகிறது. ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ பிள்ளைகளோடு போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சாலையின் பங்கையும் சொல்லாமல் விடக் கூடாது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மென்மையான வளைவாக இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் தாண்டலாம். நம் தெருக்களில் அப்படி எத்தனை இருக்கின்றன? ஓர் இரவில் கொட்டிய தார்க்குவியல்தான் பெரும்பாலும். அதற்குப் பயந்து காரின் அடிப்பகுதியை உயர்த்துகிறார்கள். பசால்ட்டில் 180 மி.மீ., கர்வில் 208. உயர்ந்த கார் வளைவில் சாயும். சாயாமலிருக்க ஸ்பிரிங்கை இறுக்குகிறார்கள். இறுக்கினால் பள்ளத்தில் தலை இடவலமாக ஆடுகிறது. ஒரு மோசமான வேகத்தடையிலிருந்து முதுகுவலி வரை இப்படித்தான் வழி போகிறது.

இந்தச் சிக்கலைச் சென்னை எப்போதோ சந்தித்துவிட்டது. 1985-ல் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற காரைக் கொண்டுவந்தது. அது பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பட்டம் வாங்கியது. ஆப்பு வடிவில், தரையோடு தாழ்ந்து ஓடும் அழகி. இங்கே வந்தபோது நம் சாலைக்காக அதைத் தூக்கி நிறுத்தினார்கள். உள்ளே வைத்ததோ பழைய 2 லிட்டர் எஞ்சின். தாழ்வாக நிற்பதற்கென்றே வரையப்பட்ட கோடுகள், தூக்கியதும் பொருளிழந்தன. எஞ்சினும் காலை வாரியது. சில ஆண்டுகளில் கதை முடிந்தது.

அதற்கு நேர் எதிரான கதையும் சென்னைக்குப் பக்கத்தில்தான் நடந்தது. 2012 ஜூலையில் ஒரகடம் தொழிற்சாலையிலிருந்து ரெனோ டஸ்டர் வந்தது. உள்ளே பிளாஸ்டிக் சாதாரணம், சுவிட்சுகள் கைக்கு எட்டாத இடத்தில், முகமும் யாரையும் மயக்கவில்லை. ஆனால் டயர் 215/65 ஆர்16. சுவர் ஏறத்தாழ 140 மி.மீ. அந்த சஸ்பென்ஷன் என்ன வேலை செய்தது! உடைந்த சாலையில் வேகத்தைக் குறைக்கத் தோன்றாது. நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டினாலும் கார் தரையை விடாது. மென்மையும் பிடிமானமும் ஒன்றாகக் கிடைக்கும் என்று பத்து லட்ச ரூபாய்க்காரருக்கு முதலில் காட்டியது அதுதான். மூன்று வருடம் கழித்து, 2015 ஜூலையில், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் க்ரெட்டா வந்தது. மழமழவென்ற உள்வேலைப்பாடு, வசதிகள், பார்த்ததும் பிடிக்கும் தோற்றம். சந்தை அந்தப் பக்கம் போனது. டஸ்டர் 2022-ல் விடைபெற்றது. க்ரெட்டாவை நான் குறை சொல்லவில்லை. அது நல்ல கார், எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் டஸ்டரை விற்ற பலர் இன்றும் அந்த சஸ்பென்ஷனைப் பற்றிப் பேசுகிறார்கள். விற்கும்வரை அதன் அருமை தெரியவில்லை என்பது வாங்குபவர்களின் தவறு மட்டுமல்ல. ரெனோவும் முகத்தைப் புதுப்பிக்கச் சோம்பியது.

அழகும் சொகுசும் ஒரே கருவில் பிறக்க முடியுமா? ஒருமுறை பிறந்தன. 1955 அக்டோபர் 5, பாரிஸ் மோட்டார் கண்காட்சி. சிட்ரோயன் டி.எஸ். காரின் திரை விலகியது. முதல் 15 நிமிடத்தில் 743 பேர் பதிவு செய்தார்கள். அன்று மாலைக்குள் சுமார் 12,000 பேர். உடலை வடித்தவர் ஃபிளாமினியோ பெர்த்தோனி என்ற இத்தாலியச் சிற்பி. அதன் கால்களைச் செய்தவர் பால் மாஜஸ். இளம் வயதிலேயே சிட்ரோயனில் சேர்ந்து, பட்டறையிலேயே தொழில் கற்றவர். ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் நைட்ரஜன் வாயு அடைத்த ஓர் இரும்புக் கோளம். சக்கரம் ஏறும்போது திரவம் அந்த வாயுவை அழுத்தும். சுமை ஏறினாலும் கார் தன்னைத்தானே மட்டப்படுத்திக்கொள்ளும். எஞ்சினைப் போட்டதும் கார் மெதுவாக எழுந்து நிற்கும்.

டி.எஸ்-ன் அழகு சொகுசின் மேல் பூசிய பூச்சு இல்லை. அதன் சக்கரங்களுக்கு இடையே 3,125 மி.மீ.; அந்த நீளம் குலுங்கலைக் குறைப்பதற்காக. அந்த நீளம்தான் அதற்கு அந்தக் கம்பீரமான பக்கத்தோற்றத்தையும் கொடுத்தது. கார் தானே உயரத்தைப் பார்த்துக்கொள்வதால் தரையோடு தாழ்ந்து ஓடும் துணிச்சல் பெர்த்தோனிக்கு வந்தது. 1962 ஆகஸ்டில் பிரான்ஸ் அதிபர் டி கோல் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, டயர்கள் வெடித்த நிலையிலும் டி.எஸ். நிலைதடுமாறாமல் ஓடி அவரைக் காப்பாற்றியது. ரோல்ஸ் ராய்ஸ்கூடத் தன் சில்வர் ஷேடோவுக்காக இந்த மட்டப்படுத்தும் முறையின் உரிமையை சிட்ரோயனிடம் வாங்கியது. அதற்கு முன்பே, 1948-ல் அதே சிட்ரோயன் கொண்டுவந்த 2சிவி காருக்கு நிர்வாகி பூலாஞ்சே போட்ட நிபந்தனை பிரபலம்: உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது.

அந்த நிறுவனம்தான் இன்று திருவள்ளூரில் பசால்ட்டைத் தயாரிக்கிறது. எஞ்சின் ஓசூரிலிருந்து வருகிறது. திருவள்ளூர் வளாகமோ, அம்பாசடரைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஒருகாலத்தில் மிட்சுபிஷி லான்சரைக் கட்டிய இடம். அம்பாசடர் என்ற பெயரையே 2017-ல் சிட்ரோயனின் அன்றைய தாய் நிறுவனமான பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பின் சீட்டை மதித்த இரண்டு மரபுகள் ஒரே கையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

பசால்ட்டில் வாயுக் கோளம் எதுவும் இல்லை. திருவள்ளூரிலேயே பொருத்தப்பட்டு 2021-ல் வந்த சி5 ஏர்கிராஸில் ஷாக் அப்சார்பரின் முனையில் திரவத் தடுப்பு இருந்தது. அதுவும் இதில் இல்லை. சாதாரண ஸ்பிரிங், சாதாரண பின் அச்சு. ஆனாலும் சாலையில் அது நன்றாகப் போகிறது என்றால், யாரோ சில பொறியாளர்கள் நம் சாலைகளில் பொறுமையாக உட்கார்ந்து ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரின் எண்ணெய்த் துளைகளையும் சரிசெய்திருக்கிறார்கள் என்று பொருள். விலையுயர்ந்த கருவி தேவையில்லை, அக்கறை போதும் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டாம். விற்பனையில் அது பின்தங்கியிருப்பது வருத்தம்தான். சர்வீஸ் சென்டர் குறைவு, வசதிப் பட்டியலும் சின்னது. வாங்குபவர்கள் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஓட்டுவதை நேசிப்பவர்களின் கட்சியையும் கேட்க வேண்டும். இறுக்கமான சஸ்பென்ஷன் அவர்களுக்கு வெறும் வீம்பு இல்லை. 40 கி.மீ. வேகத்தில் தூக்கிப்போடும் கார், சென்னை–பெங்களூரு சாலையில் 100-ல் போகும்போது பாறை போல நிற்கும். திடீரென்று மாடு குறுக்கே வந்தால் சொன்ன சொல் கேட்கும். தளர்வான கார் அந்த நேரத்தில் ஒரு கணம் தாமதிக்கும். போலோ, புன்டோ கார்களை ஓட்டியவர்கள் சொல்வது இதைத்தான். அதிலும் புன்டோ, ஜுஜாரோ என்ற வடிவமைப்பாளர் வரைந்த அழகு. பள்ளத்தை விழுங்கும், வளைவிலும் நிற்கும். நம் நாட்டில் அது பெரிதாக விற்கவே இல்லை. இரண்டும் ஒன்றாகக் கிடைத்தபோது நாம் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே வாங்கப் போகிறவர்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள். வீட்டுக்கே டெஸ்ட் டிரைவ் வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் அனுப்புகின்றன. உங்கள் தெருவின் வேகத்தடையில் 20-ல் ஏற்றுங்கள், தோண்டி மூடாத சாலையில் 40-ல் போங்கள். அந்தச் சுற்றில் நீங்கள் ஓட்டாதீர்கள். பின்னால், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அப்பா அம்மாவையும் ஏற்றுங்கள், பேசாமல் இருங்கள், அவர்கள் பேசட்டும். ஏறி இறங்க முழங்கால் வலிக்கிறதா, தலை இடிக்கிறதா, கூரையின் சரிவில் குனிய வேண்டியிருக்கிறதா என்பதெல்லாம் ஒரே தடவையில் தெரிந்துவிடும்.

நிறுவனங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பெரிய திரை, கூடுதல் வசதி எல்லாம் வேண்டுமென்றால் பெரிய சக்கரத்தையும் சேர்த்தே வாங்கு என்று ஏன் கட்டிவிடுகிறார்கள்? டாப் வேரியன்ட்டில் சின்னச் சக்கரம் கேட்பவருக்குக் கொடுத்தால் என்ன? அவர்களுக்குச் செலவு குறையும், நமக்கு முதுகு மிஞ்சும்.

இன்னொன்று, காசே செலவில்லாதது. டெஸ்ட் டிரைவ் வண்டிகளில் டயர்க் காற்று தேவைக்கு மேல் இருப்பது சகஜம். கொஞ்சம் கூடினாலே நல்ல சஸ்பென்ஷனும் கல் மாதிரி தோன்றும். பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் சரியான அளவு எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். முதலில் அதைப் பார்த்து, பங்க்கில் காற்றைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஒரு சுற்றுக் கேளுங்கள்.